எந்தப் பங்கு என்பதைவிட எத்தனை பங்கு

பங்குச்சந்தை என்று பேச்சு எடுத்தாலே “எதை வாங்கலாம்?” என்ற கேள்விதான் முதலில் வருகிறது. அடுத்தது “எப்போது வாங்கலாம்?”. “எத்தனை வாங்கலாம்?” என்று கேட்பவர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். கையில் எவ்வளவு பணம் இருக்கிறதோ அவ்வளவுக்கும் வாங்குவது, நூறு இருநூறு என்று முழு எண்ணாக வரும்படி வாங்குவது, இந்த முறை நம்பிக்கை அதிகம் என்பதால் கொஞ்சம் கூட்டி வாங்குவது. எண்ணிக்கை பெரும்பாலும் இப்படித்தான் முடிவாகிறது. பங்கைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் செலவழித்தவர், எண்ணிக்கையைத் தேர்ந்தெடுக்க ஒரு நிமிடம்கூடச் செலவழிப்பதில்லை.

விலை எங்கே போகும் என்பது நம் கையில் இல்லை. செய்தி எப்போது வரும், சந்தை எந்த விலையில் திறக்கும், நாம் விற்க நினைக்கும் நேரத்தில் வாங்குவதற்கு ஆள் இருப்பார்களா, இவை எதுவுமே நம் கையில் இல்லை. ஆர்டர் போடுவதற்கு முன்பே நாம் முழுமையாகத் தீர்மானிக்கக்கூடியது எண்ணிக்கை ஒன்றைத்தான். அந்த ஒன்றை அலட்சியமாக விட்டுவிட்டு, நமக்குக் கட்டுப்படாத மற்றவற்றை ஆராய்வதில் இரவு பகலாக உழைக்கிறோம். வர்த்தகக் கணக்குகளை அழிப்பதில் தவறான பங்கைவிடத் தவறான அளவுக்கே பெரிய பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நண்பர் ஒருவர் தன் வர்த்தகக் குறிப்பேட்டை என்னிடம் காட்டினார். இருபது வர்த்தகங்கள். பதின்மூன்றில் லாபம், ஏழில் நஷ்டம். யாரும் பெருமைப்படக்கூடிய கணக்குதான். ஆனால் மொத்தத்தில் முதல் குறைந்திருந்தது. தேர்வு எங்கே பிசகியது என்று கண்டுபிடித்துத் தரும்படி கேட்டார். தேர்வில் எந்தப் பிசகும் எனக்குத் தெரியவில்லை. எண்ணிக்கை எழுதியிருந்த பத்தியை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்தேன். லாபம் வந்தவற்றில் பெரும்பாலானவை கணக்கில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத சிறிய வர்த்தகங்கள். நஷ்டமான ஏழில் இரண்டில் மட்டும் கணக்கில் பாதிக்கு மேல் போட்டிருந்தார். அந்த இரண்டையும் ஏன் அவ்வளவு பெரிதாக எடுத்தார் என்று கேட்டேன். முதலாவது, அடுத்தடுத்து நான்கு லாபங்கள் பார்த்த தெம்பில் எடுத்தது. இரண்டாவது, முதலாவதில் விட்டதைப் பிடிப்பதற்காக எடுத்தது. இருபதிலும் ஒரே அளவு ரிஸ்க் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அதே பங்குகள், அதே விலைகள், அதே நாட்கள். கணக்கு நல்ல லாபத்தில் இருந்தது.

அளவைக் கணக்கிடும் முறை எளியது. அதில் வரிசைதான் முக்கியம். முதலில், எந்த விலைக்குக் கீழே போனால் என் கணிப்பு தவறு என்று ஒப்புக்கொள்வேன் என்பதைப் பங்கின் விலைப் போக்கைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அதுதான் ஸ்டாப் லாஸ். அடுத்து, இந்த ஒரு வர்த்தகம் தோற்றால் மொத்தக் கணக்கில் எவ்வளவு இழக்கச் சம்மதம் என்பதை முடிவு செய்ய வேண்டும். எண்ணிக்கை கடைசியில் வருவது. இழக்கச் சம்மதித்த தொகையை, வாங்கும் விலைக்கும் ஸ்டாப்புக்கும் உள்ள இடைவெளியால் வகுத்தால் கிடைப்பது. கணக்கில் 5,00,000 இருக்கிறது, ஒரு வர்த்தகத்தில் 1 சதவீதம், அதாவது 5,000 வரை இழக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். பங்கின் விலை 840. ஸ்டாப் 805. இடைவெளி 35. 5,000ஐ 35ஆல் வகுத்தால் 142 பங்குகள். அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். 300 பங்கு வாங்குவது என்று முதலில் தீர்மானித்துவிடுகிறார்கள். பிறகு 5,000க்கு மேல் இழக்கக் கூடாது என்பதற்காக ஸ்டாப்பை 824க்கு இழுத்து வைக்கிறார்கள். அந்த 824க்குச் சந்தையில் எந்தப் பொருளும் இல்லை. அது வாங்கியவரின் பணப்பைக்கு மட்டுமே தெரிந்த எண். பங்கு தன் அன்றாட ஊசலாட்டத்திலேயே அதைத் தொட்டுவிட்டு மேலே ஏறிப் போகும். “என் ஸ்டாப்பை மட்டும் சரியாகத் தட்டிவிட்டுப் போகிறார்கள்” என்ற மனக்குறைக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தத் தலைகீழ் வரிசைதான் இருக்கிறது.

அன்றாட ஊசலாட்டம் எவ்வளவு என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, அளக்கலாம். வெல்ஸ் வைல்டர் 1978இல் வெளியிட்ட ஏடிஆர் என்னும் சராசரி வீச்சு இன்று ஏறக்குறைய எல்லா வர்த்தக மென்பொருளிலும் கிடைக்கிறது. ஒரு நாளின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள இடைவெளி, முந்தைய நாள் முடிவு விலையிலிருந்து இன்றைய உச்சம் வரை உள்ள தூரம், அதே முடிவு விலையிலிருந்து இன்றைய தாழ்வு வரை உள்ள தூரம், இந்த மூன்றில் எது பெரியதோ அதை எடுத்து, வழக்கமாக 14 நாட்களுக்குச் சராசரி காண்பது இதன் முறை. நம் 840 விலைப் பங்கின் ஏடிஆர் 28 என்றால், 35 தள்ளி வைத்த ஸ்டாப் ஒரு நாள் ஊசலாட்டத்தைவிடச் சற்றுத்தான் அதிகம். அதை இரண்டு ஏடிஆர் தூரத்துக்கு, அதாவது 784க்கு நகர்த்தினால் இடைவெளி 56 ஆகும். எண்ணிக்கை 89ஆகக் குறையும். தோற்றால் போவது அதே 5,000தான். ஆனால் பங்கு முன்னும் பின்னும் அசைந்துகொடுக்க இடம் கிடைத்துவிடுகிறது. ஸ்டாப் தூரமாகப் போனால் ரிஸ்க் கூடிவிடும் என்ற பயம், எண்ணிக்கையை மாற்றாதவர்களுக்குத்தான் பொருந்தும்.

இதே சிந்தனையை முறைப்படுத்திப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் ரிச்சர்ட் டென்னிஸ், வில்லியம் எக்கார்ட் என்ற இரண்டு அமெரிக்க வர்த்தகர்கள். வர்த்தகத்தைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று இருவருக்கும் இடையே எழுந்த விவாதத்தைத் தீர்க்க, 1983இல் விளம்பரம் கொடுத்து ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளித்தார்கள். அந்த மாணவர்களுக்கு ‘ஆமைகள்’ என்று பெயர். எதை வாங்குவது, எப்போது வாங்குவது என்பதற்கு அவர்களிடம் இருந்த விதிகள் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. அளவு பற்றிய விதிகள்தான் நுட்பமானவை. ஒரு சந்தையின் 20 நாள் சராசரி வீச்சு கணக்கில் 1 சதவீத ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும் அளவுதான் ஓர் அலகு. ஸ்டாப் அந்த வீச்சைப் போல இரண்டு மடங்கு தூரத்தில். ஆக, ஓர் அலகு தோற்றால் 2 சதவீதம் போகும். துள்ளிக் குதிக்கும் சந்தையில் அலகு சிறியது, மந்தமான சந்தையில் பெரியது. எதில் போட்டாலும் கணக்கில் விழும் அடி ஏறக்குறைய ஒன்றுதான். அவர்கள் வர்த்தகம் செய்தது ஃபியூச்சர்ஸ் சந்தைகளில், அதாவது பின்னொரு நாளில் வாங்கவோ விற்கவோ இன்றே விலை பேசிக்கொள்ளும் ஒப்பந்தங்களில். பங்குகளுக்கும் இந்தத் தர்க்கம் அப்படியே பொருந்துகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் ஸ்டாப் லாஸ் வேலை செய்யும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. இங்கேதான் நான் எச்சரிக்கை மணி அடிக்க விரும்புகிறேன். என் அக்கா மகன் அண்மையில் வர்த்தகத்தில் இறங்கியிருக்கிறான். “மாமா, ஸ்டாப்பை ஐந்து புள்ளிக்குள் வைத்தால் அதே 5,000 ரிஸ்க்கில் ஆயிரம் பங்கு வாங்கலாமே?” என்று கேட்டான். சூத்திரத்தின்படி அவன் சொன்னது சரி. 840 விலையில் ஆயிரம் பங்கு என்றால் 8,40,000. கணக்கில் இருப்பதைவிட அதிகம். மார்ஜின், அதாவது தரகர் தரும் கடன், இருந்தால்தான் முடியும்.

“சரி, வாங்கிவிட்டாய். நாளைக் காலை அந்தப் பங்கு 25 சதவீதம் கீழே திறந்தால் என்ன ஆகும்?” என்றேன்.

சற்று நேரம் மனக்கணக்குப் போட்டான். “இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் போகும். ஆனால் ஸ்டாப் இருக்கிறதே, மாமா?”

ஸ்டாப் 835இல் இருக்கிறது. 835இல் வாங்க யாரும் இல்லை. அன்றைய முதல் வியாபாரமே 630இல் நடக்கிறது. ஸ்டாப் ஆர்டர் என்பது அந்த விலைக்கு விற்றுத் தருவதாக யாரும் கொடுத்த வாக்குறுதி அல்ல. அந்த விலையோ அதற்குக் கீழோ வந்துவிட்டால், கிடைக்கும் விலைக்கு விற்கச் சொல்லும் கட்டளை மட்டுமே. விலை வரம்பு வைத்த ஸ்டாப் போட்டால் இன்னொரு சிக்கல்: விலை அந்த வரம்பைத் தாண்டிக் குதித்துவிட்டால் விற்பனையே நடக்காது. விழும் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்போம்.

இது சிறிய, பெயர் தெரியாத நிறுவனங்களின் கதை என்று நினைக்க வேண்டாம். ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் பங்கு 2022 பிப்ரவரி 2 அன்று 323 டாலரில் முடிந்தது. சந்தை மூடிய பிறகு காலாண்டு முடிவுகள் வந்தன. மறுநாள் பங்கு 250 டாலருக்கும் கீழேதான் திறந்தது. நாள் முடிவில் 26 சதவீதத்துக்கு மேல் சரிந்திருந்தது. ஒரே நாளில் 230 பில்லியன் டாலருக்கு மேல் சந்தை மதிப்பு காணாமல் போனது. உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று, ஒவ்வொரு விநாடியும் வாங்கவும் விற்கவும் ஆள் இருக்கும் பங்கு. 300இல் ஸ்டாப் வைத்திருந்தவருக்கு 300 கிடைக்கவில்லை.

சந்தை திறந்திருக்கும்போதேகூட இது நடக்கும். 2010 மே 6 அன்று அமெரிக்கச் சந்தை சில நிமிடங்களில் தலைகுப்புற விழுந்து, சில நிமிடங்களில் எழுந்தது. அந்த இடைவெளியில் அக்சென்ச்சர் என்ற பெரிய ஆலோசனை நிறுவனத்தின் பங்கு ஒரு சென்ட்டுக்குக் கைமாறியது. எல்லை மீறிப் போன வியாபாரங்களை, அதாவது வீழ்ச்சிக்கு முந்தைய விலையிலிருந்து 60 சதவீதத்துக்கு மேல் விலகியவற்றை, சந்தைகள் பிறகு ரத்து செய்தன. அந்த 60 சதவீதத்துக்குள் விற்றுப்போனவர்களுக்கு அந்த ஆறுதலும் இல்லை. அரை மணி நேரத்தில் பழைய இடத்துக்கு அருகே வந்துவிட்ட பங்கைப் பாதி விலைக்கு விற்றது விற்றதுதான்.

ஆகவே எனக்கு இரண்டு உச்சவரம்புகள் உண்டு. முதலாவது, ஸ்டாப் சரியாக வேலை செய்தால் போகக்கூடிய தொகை: கணக்கில் 1 சதவீதம். இரண்டாவது, ஸ்டாப் வேலையே செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கானது: எந்தத் தனிப் பங்கும் கணக்கில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அப்படி இருந்தால், மெட்டா போன்ற ஒரு காலை விடிந்தாலும் போவது ஏறக்குறைய 5 சதவீதம். வலிக்கும், ஆனால் மீளலாம். மேலே கணக்கிட்ட 142 பங்குகளின் மதிப்பு 1,19,280. அது கணக்கில் ஏறக்குறைய 24 சதவீதம். ஆக, அந்த உதாரணமே என் இரண்டாவது வரம்பில் தோற்றுவிடுகிறது. 119 பங்குகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இரண்டு வரம்புகளில் எது சிறிய எண்ணைத் தருகிறதோ அதையே எடுத்துக்கொள்கிறேன். காலாண்டு முடிவு வரவிருக்கும் வாரத்தில் அதையும் பாதியாக்கிவிடுகிறேன்.

தனிப் பங்கின் அளவைக் கட்டுப்படுத்திவிட்டு, மொத்தத்தைக் கோட்டைவிடுவதும் நடக்கிறது. ஐந்து பங்குகள், ஒவ்வொன்றிலும் 1 சதவீதம் ரிஸ்க். ஐந்தும் வங்கிகள். வட்டி விகிதம் பற்றி எதிர்பாராத ஓர் அறிவிப்பு வந்தால் ஐந்தும் ஒன்றாக விழும். ஐந்து பெயர்களில் எடுத்த ஒரே பந்தயம் அது; ரிஸ்க் 5 சதவீதம். ஆமைகளின் விதிகளில் இதற்கும் வரம்பு இருந்தது. ஒரே சந்தையில் 4 அலகுகள், நெருங்கிய தொடர்புள்ள சந்தைகளில் சேர்த்து 6, தளர்வான தொடர்புள்ளவற்றில் 10, ஒரே திசையில் மொத்தம் 12. இதைத் தாண்ட அனுமதி இல்லை.

அமைதியான காலத்தில் தொடர்பே இல்லாததுபோல் தெரிபவைகூட நெருக்கடியில் ஒன்றாகிவிடுகின்றன. எல்டிசிஎம் என்ற நிதி நிறுவனத்தின் பங்குதாரர்களில் ராபர்ட் மெர்ட்டன், மைரன் ஷோல்ஸ் இருவரும் 1997இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்கள். 1998 தொடக்கத்தில் அந்த நிறுவனம் தன் முதலைப் போல 25 மடங்குக்குச் சொத்துகளைக் கடனில் வாங்கி வைத்திருந்தது. பல நாடுகள், பல வகைப் பத்திரங்கள், காகிதத்தில் பார்த்தால் நன்றாகப் பிரித்துவைத்த முதலீடு. ஆகஸ்ட்டில் ரஷ்யா கடனைத் திருப்பித் தர மறுத்ததும் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன. செப்டம்பரில் 14 நிதி நிறுவனங்கள் 3.6 பில்லியன் டாலர் போட்டு அதைக் கையகப்படுத்த வேண்டியிருந்தது. அறிவுக் குறைவால் நேர்ந்த வீழ்ச்சி என்று யாரும் இதைச் சொல்ல முடியாது. அகலக்கால் வைத்ததுதான் காரணம்.

ஏன் 1 சதவீதம்? ஏன் 5 கூடாது, 10 கூடாது? நஷ்டத்தின் கணக்கு நேர்கோட்டில் போவதில்லை என்பதுதான் பதில். 10 சதவீதம் இழந்தால் மீள 11 சதவீதம் போதும். 20 இழந்தால் 25 வேண்டும். 50 இழந்தால் 100. 75 இழந்தால் 300. அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீட்டெண் 1929 செப்டம்பர் உச்சத்திலிருந்து 1932 ஜூலைக்குள் 89 சதவீதம் சரிந்தது. பழைய உச்சத்தை மீண்டும் தொட்டது 1954 நவம்பரில். பள்ளம் ஆழமாக ஆக, ஏறி வருவதற்கான தூரம் பல மடங்காகிறது.

இதோடு தொடர் நஷ்டங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பத்துக்கு நான்கு முறை வெல்கிற, வெல்லும்போது நஷ்டத்தைப் போல இரண்டரை மடங்கு சம்பாதிக்கிற ஒரு முறை நம்மிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல முறைதான். ஒரு தோல்வியில் போவதை ஒரு பாகம் என்று வைத்தால், நூறு வர்த்தகங்களில் 40 வெற்றி தருவது 100 பாகம் லாபம்; 60 தோல்வியில் 60 பாகம் போகும்; மிச்சம் 40. ஆனால் அதே நூறுக்குள் ஏழெட்டு நஷ்டங்கள் அடுத்தடுத்து வருவது மிக இயல்பு. எட்டு தொடர் நஷ்டங்களில், 1 சதவீத ரிஸ்க் எடுப்பவர் 7.7 சதவீதம் இழப்பார். 5 சதவீதம் எடுப்பவர் கணக்கில் மூன்றில் ஒரு பங்கை இழப்பார். 10 சதவீதம் எடுப்பவர் 57 சதவீதத்தை இழந்து, பழைய இடத்துக்கு வர 132 சதவீதம் சம்பாதிக்க வேண்டிய நிலையில் இருப்பார். மூவரிடமும் இருப்பது ஒரே முறை. மூவருக்கும் வந்தது ஒரே எட்டு நஷ்டங்கள்.

சாதகம் இருந்தும் அழிய முடியும் என்பதை மிகத் தெளிவாகக் காட்டிய சோதனை ஒன்று உண்டு. விக்டர் ஹகானி, ரிச்சர்ட் டூயி இருவரும் நிதித்துறை மாணவர்களும் இளம் நிதி ஊழியர்களுமாக 61 பேரை அழைத்து, ஆளுக்கு 25 டாலர் கொடுத்து, கணினியில் ஒரு நாணயத்தைச் சுண்டிப் பந்தயம் கட்டச் சொன்னார்கள். அந்த நாணயத்தில் தலை விழும் வாய்ப்பு 60 சதவீதம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அரை மணி நேர அவகாசம். பரிசுக்கு உச்சவரம்பு 250 டாலர். (ஹகானி, மேலே சொன்ன எல்டிசிஎம் நிறுவனத்தின் தொடக்கக்காலப் பங்குதாரர்களில் ஒருவர் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.) எந்தப் பங்குச்சந்தையிலும் யாருக்கும் கிடைக்காத தெளிவான சாதகம் இது. ஒவ்வொரு முறையும் கையில் உள்ளதில் 10 முதல் 20 சதவீதத்தைத் தலை மீது கட்டிக்கொண்டே போயிருந்தால் ஏறக்குறைய எல்லோரும் உச்சவரம்பைத் தொட்டிருக்கலாம். தொட்டவர்கள் 21 சதவீதம் பேர். 28 சதவீதம் பேர் முழுப் பணத்தையும் இழந்து வெளியேறினார்கள். 18 பேர் ஏதோ ஒரு கட்டத்தில் கையில் இருந்த அனைத்தையும் ஒரே சுண்டலில் வைத்தார்கள். கணிப்பதற்கு எதுவுமே இல்லாத விளையாட்டு அது. அவர்கள் தீர்மானிக்க வேண்டியிருந்தது அளவு ஒன்றைத்தான்.

அந்த 20 சதவீதம் எங்கிருந்து வருகிறது? பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜான் கெல்லி 1956இல் தந்த சூத்திரத்திலிருந்து. தோல்வி வாய்ப்பை லாப நஷ்ட விகிதத்தால் வகுத்து, அதை வெற்றி வாய்ப்பிலிருந்து கழித்தால், நீண்டகாலத்தில் மிக வேகமாக வளர எவ்வளவு போட வேண்டும் என்பது கிடைக்கும். நாணயத்துக்கு 0.60இலிருந்து 0.40ஐக் கழித்தால் 20 சதவீதம். மேலே சொன்ன நம் வர்த்தக முறைக்கு 0.40இலிருந்து 0.24ஐக் கழித்தால் 16 சதவீதம். இதைப் பார்த்தவுடன் “கணிதமே 16 சதவீதம் போடச் சொல்கிறது, நீங்கள் ஏன் 1 சதவீதத்தில் நிற்கிறீர்கள்?” என்று கேட்கத் தோன்றும்.

நாணயத்துக்கு 60 சதவீதம் என்று நமக்குத் தெரியும். நம் முறைக்கு 40 சதவீதம் என்பதை எப்படி அறிந்தோம்? கடந்த ஐம்பது, நூறு வர்த்தகங்களை எண்ணிப் பார்த்துத்தானே? அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் உண்மையான வாய்ப்பு 30 சதவீதமாக இருந்தும் நமக்கு 40 என்று தெரிய இடமுண்டு. உண்மை 30 என்றால் கெல்லி சொல்வது 16 அல்ல, வெறும் 2 சதவீதம். அந்த நிலையில் 16 சதவீதம் போட்டுக்கொண்டே போனால்? முறையில் அப்போதும் சிறிய சாதகம் இருக்கிறது. ஆனாலும் 30 வெற்றி, 70 தோல்வி என்று நூறு வர்த்தகம் முடியும்போது கணக்கில் மிஞ்சுவது ஏறக்குறைய 12 சதவீதம். 88 சதவீதம் போய்விட்டது. அதே நூறு வர்த்தகங்களை 1 சதவீத ரிஸ்க்கில் செய்தவர் ஏறக்குறைய 4 சதவீத லாபத்தில் இருப்பார். இந்தக் கணக்கை ஒரு தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். வெற்றிக்கு 1.4, தோல்விக்கு 0.84 என்று பெருக்கிக்கொண்டே போனால் போதும். என்னைப் பொறுத்தவரை ரிஸ்க் பற்றிய எந்த அறிவுரையைவிடவும் இந்தப் பெருக்கல் அதிகம் கற்றுக்கொடுக்கிறது.

வாய்ப்புகள் துல்லியமாகத் தெரிந்தாலும் முழுக் கெல்லி சாதாரண மனிதர்களுக்கு ஆகாது. கோட்பாட்டின்படி, முழுக் கெல்லி அளவில் பந்தயம் கட்டுபவரின் கணக்கு ஏதோ ஒரு கட்டத்தில் பாதியாகக் குறைவதற்கான வாய்ப்பே பாதி. அதில் பாதி அளவு போட்டாலோ வளர்ச்சியில் முக்கால் பங்கு கிடைத்துவிடும், ஏற்ற இறக்கம் பாதியாகும். குறைவாகப் போட்டால் கொஞ்சம் லாபம் தவறும். அதிகமாகப் போட்டால் முதலுக்கே மோசம் வரும். இரண்டு பக்கத் தவறுகளும் சமமானவை அல்ல. அதனால்தான் நான் எப்போதும் சிறிய பக்கம் சாய்கிறேன்.

நஷ்டக் காலத்தில் அளவை என்ன செய்வது என்பதில் பலருடைய இயல்புணர்வு நேர் எதிராக வேலை செய்கிறது. தோற்கத் தோற்க அளவைக் கூட்டத் தோன்றும். ஆமைகளின் விதி இதற்கு நேர்மாறு: கணக்கு 10 சதவீதம் குறைந்தால், கணக்கின் அளவே 20 சதவீதம் குறைந்துவிட்டதாகப் பாவித்து அலகுகளைக் கணக்கிட வேண்டும். நான் இதைச் சற்று மாற்றிப் பயன்படுத்துகிறேன். கணக்கு அதன் உச்சத்திலிருந்து 6 சதவீதம் இறங்கினால் ரிஸ்க் அரை சதவீதமாகும். 10 சதவீதம் இறங்கினால் புதிய வர்த்தகம் கிடையாது. இருப்பவை அவற்றின் ஸ்டாப்பில் முடியட்டும். சந்தை மாறிவிட்டதா, என் முறை பழையதாகிவிட்டதா, வெறும் துரதிர்ஷ்டமா என்பதை நஷ்டத்தின் நடுவில் உட்கார்ந்து பிரித்தறிய முடியாது. அளவைக் குறைத்தால் அதைப் பிரித்தறியும்வரை தாக்குப்பிடிக்கலாம்.

விழும் பங்கை மேலும் வாங்கி ஆவரேஜ் செய்வது பற்றி நீட்டிப் பேச எனக்கு விருப்பமில்லை. பல ஆண்டுகள் வைத்திருக்கும் முதலீட்டாளருக்கு அதில் நியாயம் இருக்கலாம். வர்த்தகருக்கு இல்லை. ஸ்டாப் வைத்து எண்ணிக்கையைக் கணக்கிட்டவர் ஆவரேஜ் செய்யும் நொடியில், போட்ட கணக்கு முழுவதையும் கிழித்து எறிகிறார். பேரிங்ஸ் வங்கியின் சிங்கப்பூர் ஊழியர் நிக் லீசன், 1995 ஜனவரி 17 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பானியக் குறியீட்டெண் விழவிழ மேலும் மேலும் வாங்கினார். நஷ்டம் 827 மில்லியன் பவுண்டைத் தொட்டது. இருநூறு ஆண்டுகளைக் கடந்த வங்கி பிப்ரவரி முடிவதற்குள் திவாலானது. லாபத்தில் இருக்கும் பங்கில் கூட்டுவது வேறு விஷயம். முதலில் வாங்கியதன் ஸ்டாப்பை வாங்கிய விலைக்கு மேலே நகர்த்திவிட்டு, இரண்டாவதையும் சேர்த்த மொத்த ரிஸ்க் அதே 1 சதவீதத்துக்குள் இருந்தால் கூட்டலாம்.

“1 சதவீதத்தில் எப்போது பணக்காரன் ஆவது?” என்ற கேள்வியை நான் அடிக்கடி எதிர்கொள்கிறேன். கேட்பவரின் அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் 1 சதவீதம் என்பது ரிஸ்க்கின் அளவு. லாபத்தின் அளவு அல்ல. இரண்டரை மடங்கு ஓடும் வர்த்தகம் கணக்கில் இரண்டரை சதவீதம் சேர்க்கிறது. நூறு வர்த்தகத்தில் 40 பாகம் மிச்சம் என்று மேலே கணக்கிட்டோமே, 1 சதவீத ரிஸ்க்கில் அது கூட்டு வளர்ச்சியோடு ஏறக்குறைய 47 சதவீதம் ஆகிறது, கமிஷனும் வரியும் போகும் முன். முறையில் உண்மையிலேயே சாதகம் இருந்தால் சிறிய அளவே போதும். இல்லாவிட்டால் பெரிய அளவு அதை விரைவாக அம்பலப்படுத்தும், அவ்வளவுதான்.

இன்னொரு பலனும் உண்டு, கணக்கில் எழுத முடியாதது. அளவு சரியாக இருக்கும்போது திட்டத்தைக் கடைப்பிடிக்க முடிகிறது. போனால் 5,000 என்று தெரிந்து உட்கார்ந்திருப்பவர் ஸ்டாப்பைத் தொடும்வரை பொறுத்திருக்கிறார், தொட்டதும் வெளியேறுகிறார். அதே நபரிடம் 50,000 ஆபத்தில் இருந்தால் மூன்று புள்ளி ஏறியதும் விற்றுவிடுகிறார், ஸ்டாப் அருகே வந்ததும் அதைக் கீழே தள்ளி வைக்கிறார். மன உறுதி வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு உறுதியில் குறை இல்லை. அந்த உறுதி தாங்கக்கூடிய எடையைத் தாண்டி ஏற்றிக்கொள்கிறார்கள்.

அக்கா மகனுக்கு நான் கடைசியில் சொன்னது இதுதான். முதல் நூறு வர்த்தகங்களுக்கு அரை சதவீதம் மட்டும். நுழையும் விலை, ஸ்டாப், எண்ணிக்கை மூன்றையும் ஆர்டர் போடும் முன் எழுத வேண்டும். எல்லா வர்த்தகங்களின் ரிஸ்க்கையும் கூட்டினால் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஒரே துறையில் அதில் பாதிக்கு மேல் கூடாது. எண்ணிக்கைக்கான கணக்கை மாதத்தின் முதல் நாள் இருப்பை வைத்துப் போட வேண்டும். ஒரு நல்ல வாரத்தைப் பார்த்து நடுவில் கூட்டக் கூடாது. நூறு முடிந்த பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து, எத்தனை வென்றது, வென்றபோது எவ்வளவு, தோற்றபோது எவ்வளவு என்று எண்ணுவோம். அந்த எண்களில் வெற்றி வாய்ப்பைப் பத்துப் புள்ளி குறைத்துப் போட்டும் லாபம் மிஞ்சினால், அடுத்த மாதம் முதல் முக்கால் சதவீதம்.